எட்டாவது கல்

குதிரை வந்தவுடன் முள்ளங்கிப் பாத்தியில் வாய் வைத்தது. சாம்பல் நிற மட்டக் குதிரை. சேவகன் ஒருவன் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தான். அந்தப் பிடியைக் குதிரை லட்சியம் செய்யவில்லை. இலையைக் கடித்து இழுத்தால் கிழங்கும் மண்ணோடு வந்தது. மண்ணை உதறிவிட்டு மென்றது. நான் எண்ணிக்கொண்டே நின்றேன். ஒன்பது செடி போயிற்று.

“தின்னட்டும் வுடு மச்சான்,” என்றார் முனுசாமி மாமா. “அதுக்கு இன்னா தெரியும், இது சர்க்கார் முள்ளங்கியா, என் முள்ளங்கியான்னு.”

மாமா என் அக்காள் பச்சையம்மாளின் கணவர். நிலம் அவருடையது. இரண்டு ஏக்கருக்குச் சற்றுக் குறைவு.

குதிரையிலிருந்து இறங்கியவர் தாலுக்கா ஆபீஸ் ஷேக்தார். மைசூர் ராஜ்யத்தில் நிலங்களை நேரில் பார்த்து எழுதிக்கொண்டு போகும் உத்தியோகஸ்தருக்கு அந்தப் பெயர். முதல் நாள் தண்டோரா இல்லை. ஆள் வந்து சொல்லவும் இல்லை. வெயில் ஏறுவதற்குள் வந்து எங்கள் வரப்பில் நின்றார்.

கேழ்வரகு அறுக்க ஒரு வாரம் இருந்தது. கதிர்கள் விரல்களை மடக்கினாற்போல் உள்பக்கம் வளைந்து பழுத்திருந்தன. அக்காள் கிணற்றடியில் கீரை அலசிக்கொண்டிருந்தாள். ஷேக்தாரின் தலைப்பாகையைப் பார்த்ததும் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள். கையில் ஈரம் போன பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

முப்பத்தொன்பது வாரமாக இந்தப் பத்திரிகையில் எழுதி வருகிறேன். முப்பத்தொன்பது வாரமும் இந்தக் காலைப் பொழுதைத் தள்ளிப்போட்டேன். இனித் தள்ளிப்போட எனக்கு வயது இல்லை.

ஒரு கார்டு

அதற்கு முன் ஒரு விஷயத்தைத் தீர்த்துவிட வேண்டும். சென்ற வாரம், ஊரிகம் ஸ்டேஷனில் பழைய படிக்கட்டு பதினொன்று என்று எழுதியிருந்தேன். ஒன்பதுதான் என்று பங்காருபேட்டை வாசகர் ஒருவர் கார்டு போட்டிருக்கிறார். அவர் எண்ணியது பிற்பாடு கட்டிய படிக்கட்டை. பழையதில் பதினொன்று. கடைசிப் படி பாதி மண்ணில் புதைந்திருக்கும். அதையும் படி என்றுதான் சொல்ல வேண்டும். இதற்காக எனக்கு இரண்டு நாள் தூக்கம் கெட்டது.

எண்ணுவது எனக்குச் சிறு வயதிலிருந்தே உள்ள வியாதி. வருஷங்களை மட்டும் எண்ண வராது. ஷேக்தார் வந்தது எந்த வருஷம் என்று கேட்டால், ரயில் வந்த பிறகு, மின்சார விளக்கு வருவதற்கு முன் என்றுதான் சொல்ல முடியும். எனக்கு அப்போது இருபத்திரண்டோ இருபத்துமூன்றோ.

தங்கச் சுரங்கத்து டைம் ஆபீஸில் எனக்குக் குமாஸ்தா வேலை. ஷிப்டுக்கு இறங்குகிறவர்களையும் ஏறி வருகிறவர்களையும் எண்ணி எழுத வேண்டும். இறங்கினவர் தொகையும் ஏறினவர் தொகையும் ஒன்றாக இருந்தால் எனக்கு நிம்மதி. இல்லாவிட்டால் அன்றைக்குத் தொழிலாளர் குடியிருக்கும் ஏதோ ஒரு லைன் வீட்டில் அழுகுரல் கேட்கும்.

வட ஆற்காட்டிலிருந்து வந்த எங்கள் ஜனங்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் குறைவு. தமிழ், இங்கிலீஷ், கன்னடம் மூன்றும் படிப்பேன் என்பதால் லைனில் எனக்கு ரைட்டர் என்றே பெயர். அக்காளுக்கு அதில் பெருமை. எனக்கு அவளைவிட அதிகம்.

லெவலம்மா

மாமா முதலில் சுரங்கத்தில்தான் இருந்தார். பூமிக்கடியில் ஐந்தாவது தட்டில், எங்கள் பேச்சில் ஐந்தாம் லெவலில், ஒரு நாள் கூரைப் பாறை இடிந்தது. அவரோடு துளை போட்டுக்கொண்டிருந்த கூட்டாளி அங்கேயே செத்துப்போனான். மாமாவின் தலைப்பக்கம் உருண்டு வந்த ஒரு கல், காதுக்கு நாலு விரற்கடை தள்ளி நின்றுவிட்டது. இருட்டில் அதைத் தொட்டுப் பார்த்தபடியே ஆள் வரும்வரை கிடந்தாராம்.

அந்தக் கல்லைச் சோற்றுத் தூக்கில் போட்டு மேலே கொண்டுவந்துவிட்டார். எங்கள் ஆட்களில் அப்படி ஒரு வழக்கம் இருந்தது. உயிரை விட்டுவைத்த கல்லை அங்கேயே போட்டுவிட்டு வந்தால், அது மறுபடி தேடும் என்பார்கள். கொண்டுவந்து மஞ்சள் பூசிக் கும்பிட வேண்டும். கம்பெனியின் சட்டம் வேறு. அந்த மண்ணுக்குக் கீழே இருக்கிற ஒவ்வொரு கல்லும் கம்பெனிக்குச் சொந்தம். வெள்ளைக் கல்லில் நீல ரேகை ஓடினால் அதில் பொன் இருக்கும். அது யாரிடம் இருந்தாலும் திருட்டு.

மாமா அதன்பின் சுரங்கத்தில் இறங்கவில்லை. தரிசு நிலத்துக்கு மனுப் போட்டார். ஊரிகத்துக்குக் கிழக்கே, என் நடையில் ஸ்டேஷனிலிருந்து மூவாயிரத்து இருநூறு அடி தள்ளி, முள்ளும் சரளையுமாக ஒரு துண்டு கிடைத்தது. முள்ளை வெட்டி, கிணறு தோண்டி, ஏற்றம் போட்டு, அதை நிலமாக்கியது அவரும் அக்காளும்தான்.

மேற்கு மூலையில் ஒரு புங்கமரம். அதன் அடியில் கன்னிமாருக்கு ஏழு கருங்கல் நட்டார்கள். அந்தச் சுரங்கத்துக் கல்லை எட்டாவதாக, வரிசையின் ஓரத்தில் வைத்தார்கள். மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, வெயில் படும்படி, போகிறவர் வருகிறவர் பார்க்கும்படி.

அக்காள் அதற்கு லெவலம்மா என்று பெயர் வைத்திருந்தாள்.

“ஏழு பேரும் மேல்தாவுல பொறந்தவளுங்க. இவ ஒருத்திதான் அஞ்சாம் லெவல்ல பொறந்தவ,” என்பாள். “அதான் கொஞ்சம் முறுக்கிக்கினு நிக்கிறா.”

“உன்ன மாதிரியே,” என்பார் மாமா.

சுவரில் ஒட்டிய காகிதம்

நிலத்தைச் சர்க்கார் சும்மா கொடுக்கவில்லை. ஐந்து வருஷம் தரிசாக விடக் கூடாது. எல்லைக் கல்லை நகர்த்தக் கூடாது. சுரங்கத்துப் பொருள் எதுவும் அந்த நிலத்தில் பதுக்கி வைக்கப்பட்டிருக்கக் கூடாது. இதில் ஒன்று தவறினாலும் நிலம் போய்விடும். ஐந்து வருஷத்தைத் தாண்டிவிட்டால் மாமாவின் பேருக்கு நிலைத்துவிடும். அப்போது நாலாவது வருஷம் நடந்துகொண்டிருந்தது.

சோதனை எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்று சொல்லியிருந்தார்கள். ஆனால் சோதனைக்கும் ஒரு முறை இருந்தது. தாலுக்கா ஆபீஸ் சுவரில் அதைக் கன்னடத்தில் ஒட்டியிருந்தார்கள். மழை பட்டு ஓரம் கிழிந்த காகிதம். நான்தான் அதைப் பார்த்துத் தமிழில் எழுதிக்கொண்டு வந்து மாமாவுக்குப் படித்துச் சொன்னேன்.

வருகிறவர் எதைப் பார்க்க வந்தார் என்ற உத்தரவைக் காட்ட வேண்டும். ஊர்த் தலைவரான பட்டேல் இல்லாமல் வரப்பைத் தாண்டி உள்ளே வரக் கூடாது. பயிர் வைத்தவன் கூடவே நடக்கலாம். உத்தரவில் இல்லாததைக் கேட்டால் அவன் பதில் சொல்ல வேண்டியதில்லை. பார்த்ததை எல்லாம் முடிவில் எழுதும் மகஜரை அவனுக்குத் தெரிந்த பாஷையில் படித்துக் காட்டாமல் கைநாட்டு வாங்கக் கூடாது. அவன் ஏதாவது சொல்ல விரும்பினால் அதையும் மகஜரில் சேர்த்து எழுத வேண்டும்.

மாமா ஒவ்வொன்றுக்கும் ஒரு விரலை மடக்கிக்கொண்டு கேட்டார்.

“ஏன் மச்சான், இத்த இன்னாத்துக்கு ஆபீஸ் சொவுத்துல ஒட்றாங்க? எங்கொல்லைல வந்து சொன்னா ஆவாதா?”

“எல்லாரும் படிக்கட்டும்னுதான் மாமா.”

“கன்னடத்துல?”

“கன்னடத்துலதான்.”

“அப்போ சொவுரு படிச்சிக்கட்டும்,” என்றார். ஆனாலும் விரல் மடக்கியதை ஒன்றுவிடாமல் மனப்பாடம் செய்துகொண்டார். ஏர் ஓட்டும்போது வாய்க்குள் சொல்லிக்கொண்டே போவார். அக்காள் கேலி செய்வாள், சாமியாராகப் போகிறாரா என்று.

பட்டேலுக்காக ஒரு மணி நேரம்

மறுபடி அந்தக் காலைக்கு வருகிறேன். நான் ராத்திரி ஷிப்டின் கணக்கை முடித்துவிட்டு, கண் எரிச்சலோடு, அக்காள் கையால் கூழ் குடிக்கலாம் என்று அங்கே போயிருந்தேன். அன்றைக்கு நேரே வீட்டுக்குப் போயிருக்கலாம். அப்படி எத்தனையோ நாள் போயிருக்கிறேன்.

ஷேக்தார் வரப்பிலிருந்து உள்ளே காலை வைக்கப்போனார். மாமா கைகளைக் கட்டிக்கொண்டு எதிரே நின்றார். வழியை மறித்தார் என்று சொல்ல முடியாது. ஆனால் வழியில்தான் நின்றார்.

“பட்டேலு வர்லீங்களா சாமி?”

ஷேக்தார் அவரை மேலும் கீழும் பார்த்தார். அவருக்குத் தமிழ் வரும், கன்னட வாடையோடு.

“ஏனப்பா, நீ என்ன ராஜாவா? பட்டேல் வந்தாத்தான் உள்ள விடுவியா?”

“நான் யாரு சாமி வுட்றதுக்கு. காயிதம் அப்டி சொல்லுதாம்.”

“உனக்கு யார் சொன்னது?”

மாமா என் பக்கம் திரும்பவே இல்லை. “சொவுரு சொல்லுச்சி சாமி.”

சேவகன் சிரிப்பை அடக்கக் குதிரையின் கழுத்தைத் தடவினான். ஷேக்தார் சிரிக்கவில்லை. ஆனால் அவருக்கு அந்தச் சுவர் எது என்று தெரிந்திருந்தது. பட்டேலை அழைத்து வரச் சேவகனை அனுப்பினார்.

ஒரு மணி நேரம் ஆயிற்று. அக்காள் மோர் வேண்டுமா என்று கேட்டாள். எங்கள் வீட்டு மோரை அவர் குடிக்க மாட்டார் என்று அவளுக்குத் தெரியும். கேட்காமல் இருப்பது மரியாதை இல்லை என்று கேட்டாள். அவர் வேண்டாம் என்று கையை அசைத்தார். தூரத்தில் மில்லில் கல் உடைக்கும் உலக்கைகள் விழுந்துகொண்டிருந்தன. அந்தச் சத்தம் எங்களுக்குப் பழக்கம். அன்று மட்டும் அதை எண்ணிக்கொண்டிருந்தேன். எண்ணூறைத் தாண்டியதும் விட்டுவிட்டேன்.

பட்டேல் சின்னப்ப ரெட்டி மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். தெலுங்குக்காரர், பருத்த உடம்பு.

“ஏமய்யா முனுசாமி, என்னெ ஓட வெச்சிட்டியே. நெஞ்சு அடைக்குது. நான் செத்தா என் பொண்டாட்டிக்கு நீதான் பதில் சொல்லணும்.”

“உக்காந்து மூச்சு வாங்குங்க பட்டேலே. கொல்லை எங்கியும் ஓடிப்போவாது.”

உத்தரவைப் படித்தார்கள். இரண்டே இரண்டு விஷயம். நிலம் பயிர் செய்யப்பட்டிருக்கிறதா. எல்லைக் கற்கள் இடம் மாறாமல் இருக்கின்றனவா.

மாமா முன்னால் நடந்தார். ஷேக்தார் கேட்கக் கேட்க, ஒரு சொல்லுக்கு ஒரு சொல் அளந்து பதில் சொன்னார்.

“என்ன பயிர்?”

“கேவுரு.”

“இந்தப் பக்கம்?”

“முள்ளங்கி. குதிரய கேளுங்க சாமி, சொல்லும்.”

“கிணறு எத்தனை அடி?”

மாமா நின்றார். “காயிதத்துல கெணறு கீதுங்களா சாமி?”

பட்டேல் இருமினார். ஷேக்தார் கிணற்றை விட்டுவிட்டார். மாமாவின் முதுகைப் பார்த்துக்கொண்டு பின்னால் நடந்த எனக்கு, நான் சொல்லிக்கொடுத்த பாடத்தை அவர் ஒப்பிப்பதில் அவ்வளவு கர்வம். அவர் பயத்தில் வியர்த்திருப்பதுகூட என் கண்ணில் படவில்லை. சட்டை இல்லாத முதுகில் நடுவே ஒரு கோடாக வழிந்துகொண்டிருந்தது.

ஆறும் எட்டும்

இன்னும் கொஞ்சம் இருந்தால் முடிந்திருக்கும். புங்கமரத்துக்கு இருபதடி இந்தப் பக்கம் நின்று, ஷேக்தார் கடைசிக் கேள்வியைக் கேட்டார்.

“மொத்தம் எத்தனை கல்?”

எல்லைக் கல்லைத்தான் கேட்டார். உத்தரவு அதைப் பற்றித்தான். மாமா விரலை மடக்கிக்கொண்டு, வாயைத் திறந்தார்.

நான் முந்திக்கொண்டேன்.

“எல்லைக் கல் ஆறு சார். மரத்தடியில் இன்னும் எட்டு. ஆகப் பதினாலு.”

எண்ணிக்கை குறைவாகச் சொல்லப்படுவதை என்னால் அன்றும் பொறுக்க முடியாது, இன்றும் பொறுக்க முடியாது. அதற்கு மேல் இதற்குக் காரணம் இல்லை. யாரும் என்னைக் கேட்கவில்லை.

“மரத்தடியில் என்ன எட்டு?”

“கன்னிமார் கல் சார்.”

ஷேக்தார் பேனாவைக் காதில் செருகிக்கொண்டார். “கன்னிமார் ஏழு பேர்தானே?”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அக்காள் கிணற்றடியிலிருந்து என்னைப் பார்த்தாள். மாமா மடக்கிய விரலை இன்னும் நீட்டவில்லை.

ஷேக்தார் மரத்தடிக்குப் போனார். செருப்பைக் கழற்றினார். ஏழு கல்லையும் பார்த்துக் கும்பிட்டார். பிறகு மண்டியிட்டு, பேனாக் கத்தியை விரித்து, எட்டாவது கல்லின் மஞ்சளைச் சுரண்டினார். நாலு வருஷத்து மஞ்சள். பட்டை பட்டையாக உதிர்ந்தது. உள்ளே வெள்ளை. வெள்ளைக்குள் நீல ரேகை. ரேகையில் ஊசி முனை அளவுக்கு ஒரு மினுக்கம்.

“சாமிக் கல்லு சார்,” என்றார் பட்டேல். “உத்தரவுல இது இல்லீங்களே.”

“கண்ணில் பட்டதை விட்டுவிட்டுப் போக முடியாது.”

“கண்ணுல படலீங்க. இந்தப் புள்ளெ வாயில வந்துச்சு.”

பட்டேல் அதை என்னைத் திட்டவென்று சொல்லவில்லை. நியாயம் பேசத்தான் சொன்னார்.

ஷேக்தார் என் பக்கம் திரும்பினார். “நீ எங்கே வேலை?”

“டைம் ஆபீஸ், சார்.”

“கம்பெனி ஆள். கம்பெனிக் கல் இங்கே இருக்கிறது உனக்குத் தெரியுமா? தெரியும் என்றால் உன் பேரையும் எழுத வேண்டும்.”

“தெரியாது சார்.”

மாமா உடனே, “அவனுக்கு ஒண்ணும் தெரியாது சாமி. படிச்ச புள்ள,” என்றார்.

பதினான்கு வரி

ஷேக்தார் கிணற்று மேட்டில் உட்கார்ந்து, தொடையில் பலகை வைத்து, கன்னடத்தில் மகஜர் எழுதினார். பட்டேலுக்குத் தன் கையெழுத்தைப் போட மட்டும் தெரியும்; போட்டார். கைநாட்டுக்கு மையை நீட்டினார்கள்.

மாமா கையைக் கொடுக்கவில்லை.

“படிச்சிக் காட்டணும் சாமி. எனக்குப் புரியற பாஷைல.”

“அதோ உன் ஆள் இருக்கிறானே. படிக்கச் சொல்லு.”

காகிதம் என் கைக்கு வந்தது. மை சில இடங்களில் ஈரமாக இருந்தது. மாமா பக்கத்தில் வந்து நின்றார். மண்ணும் வியர்வையும் கலந்த வாசனை.

“முழுசா சொல்லு மச்சான். ஒரு வார்த்தயும் வுடாத.”

பாதி தாண்டும்வரை நன்றாகத்தான் இருந்தது. பயிர் இருக்கிறது, எல்லைக் கல் ஆறும் சரி. அதற்குப் பிறகு, மரத்தடியில் பூஜை என்ற சாக்கில் ஒளித்து வைத்திருந்த சுரங்கக் கல் ஒன்று கண்டெடுக்கப்பட்டது என்று எழுதியிருந்தது.

அது பொய். அந்தக் கல் நாலு வருஷமாக வெயிலில் நின்றது. பட்டேலே பொங்கலுக்கு அதன் முன்னால் நின்று திருநீறு வாங்கியிருக்கிறார். அங்கேயே நான், “ஒளித்து என்று போட்டிருக்கிறது, அது சரியில்லை” என்று சொல்லியிருந்தால், மாமா கைநாட்டு வைத்திருக்க மாட்டார். வெளியே வைத்துத்தான் கும்பிட்டேன் என்று அவர் சொல்வதை எழுதிய பிறகுதான் வாங்கியிருக்க வேண்டும். சுவரில் ஒட்டியிருந்ததில் அவர் மடக்கிய கடைசி விரல் அதுதான்.

நான் தலை நிமிர்ந்தேன். ஷேக்தார் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மகஜரின் அடியில் இன்னும் ஒரு பேர் எழுதுகிற அளவுக்கு இடம் இருந்தது.

“எட்டு கல்லுல ஒண்ணு சொரங்கத்துக் கல்லு மாதிரி கீதுன்னு எழுதியிருக்கு மாமா. எடுத்துக்கினு போறாங்களாம்.”

“அவ்ளோதானா?”

“அவ்ளோதான்.”

“சாமியா வெச்சி கும்புட்டேன்னு போட்டுகீதா?”

“பூஜைன்னு போட்டிருக்கு மாமா.”

அவர் கட்டைவிரலை அழுத்தினார். மீதி மையைக் கேழ்வரகுத் தாளில் துடைத்துக்கொண்டார். லெவலம்மாவை ஒரு கோணியில் சுற்றிச் சேவகன் தூக்கிக்கொண்டான். குதிரை போகிற போக்கில் இன்னும் இரண்டு முள்ளங்கியைப் பிடுங்கிற்று.

“பெரிசா ஒண்ணும் ஆவாது,” என்று மாமா அக்காளிடம் சொன்னார். “மச்சான் படிச்சிப் பாத்துட்டான்.”

கோர்ட்டில்

மூன்று வாரம் கழித்து விசாரணை. அதற்குள் நிலத்தில் யாரும் இறங்கக் கூடாது என்று தடை போட்டுவிட்டார்கள். நிற்கிற பயிர் பயிரிட்டவனுக்கே என்று கேட்டு வாங்கியிருக்கலாம். யாரும் கேட்கவில்லை, கேட்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். கதிர் முற்றி நிலத்தில் உதிர்ந்தது. குருவிகள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கின. அக்காள் வெளியே சாலையில் நின்று அவற்றைக் கை தட்டி ஓட்டிவிட்டு வருவாள். அவளால் செய்ய முடிந்தது அவ்வளவுதான்.

கோர்ட்டில் மகஜரைத் தமிழில் மாற்றிச் சொல்ல ஓர் ஆள் இருந்தார். இரைந்து, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். நான் பின்னால், சுவரோரமாக நின்றேன்.

“ஒளித்து வைத்திருந்த” என்று அவர் சொன்னதும் மாமா தலையை உயர்த்தினார்.

“ஒளிக்கல சாமி. மஞ்சா பூசி, பொட்டு வெச்சி, வெயில்ல நிறுத்தியிருந்தேன். ஊரே பாத்துது.”

மாஜிஸ்திரேட் வயதானவர், கடுமையாகப் பேசவில்லை. திறந்த வெளியில் வைத்திருந்தது என்று மகஜரில் இருந்தால் விஷயம் வேறு, நிலத்துக்குப் பங்கம் வராது என்றார். கைநாட்டு அவருடையதுதானா என்று கேட்டார்.

“என்னுதுதான்.”

“வைக்கும் முன் படித்துக் காட்டினார்களா?”

மாமா கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பின்னால் திரும்பினால் நான் நிற்பது தெரியும். திரும்பவில்லை.

“காட்னாங்க சாமி.”

யார் என்று மாஜிஸ்திரேட் கேட்கவில்லை. பட்டேல் சாட்சி சொன்னார். கல் வெளியில்தான் இருந்தது என்று சொன்னார். அப்படியானால் அதிலே ஏன் கையெழுத்துப் போட்டீர் என்று கேட்டார்கள்.

ஆறு மாதம். நிலம் சர்க்காருக்குத் திரும்பியது.

திரும்பி வந்தவர்

அந்த ஆறு மாதமும் அக்காள் எங்கள் லைன் வீட்டில் இருந்தாள். ஒரே அறை, தட்டி மறைப்பு. நான் ஷிப்ட் முடிந்து வந்தால் முன்னால் சோறு இருக்கும். மகஜரைப் பற்றி அவள் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. கோர்ட்டில் பெண்கள் நிற்கிற பக்கம் அவளும் நின்றிருந்தாள்.

மாமா ஒரு மத்தியானம் வந்து சேர்ந்தார். தலையை ஒட்ட வெட்டியிருந்தார்கள். தாடி நரைத்திருந்தது. கோலாரிலிருந்து நடந்தே வந்ததில் குதிகால் வெடித்து, வெடிப்பில் செம்மண் ஏறியிருந்தது. அக்காள் வெந்நீர் ஊற்றினாள். பிறகு களி போட்டாள். அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, களியைக் கிள்ளிக் கிள்ளிக் குழம்பில் தொட்டார். நான் எதிரே உட்கார்ந்திருந்தேன். எழுந்து போகவும் முடியவில்லை.

“மச்சான்.”

“இன்னா மாமா.”

“அந்தக் கன்னட எழுத்து உனக்கு அவ்ளோவா புடிபடாதில்ல?”

அவர் தட்டைப் பார்த்துக்கொண்டேதான் கேட்டார். ஆறு மாதம் உள்ளே உட்கார்ந்து இந்த ஒரு கேள்வியை எனக்காகச் செய்து எடுத்துவந்திருக்கிறார் என்று தெரிந்தது. நன்றாகவே பிடிபடும் என்று நான் சொல்லியிருந்தாலும் அவர் அடித்திருக்க மாட்டார். அதுவும் எனக்குத் தெரியும்.

“ஆமா மாமா,” என்றேன். “கூட்டெழுத்து வேற. ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கினு இருந்துச்சி.”

“அதானே,” என்றார். “நானும் அப்டித்தான் நெனச்சிக்கினேன்.”

அக்காள் கரண்டியோடு நின்றிருந்தாள். “இன்னொரு உருண்ட போடட்டா?” என்று அவரைக் கேட்டாள். என் தட்டு காலியாக இருந்தது. அதை அவள் பார்க்கவில்லை, அல்லது பார்த்தாள்.

அடுத்த வாரம் மாமா மறுபடி சுரங்கத்தில் இறங்கினார். ஏழாவது லெவல். நெஞ்சில் கல்தூசி அடைந்து, இருமி இருமி, இரண்டு மழைக்காலம் தாண்டுவதற்குள் போய்விட்டார். அக்காள் போன மாதம் போனாள். இனி இதைப் படித்துத் தலை குனிய என்னைத் தவிர யாரும் இல்லை.

ஷேக்தாரின் எழுத்து கூட்டெழுத்து இல்லை. பள்ளிக்கூடப் பலகையில் எழுதினாற்போல் ஒவ்வோர் எழுத்தும் தனித்தனியாக நின்றது. மொத்தம் பதினான்கு வரி. ‘ஒளித்து’ என்பது ஒன்பதாவது வரியில் மூன்றாவது வார்த்தை.